அக்காவின் பாசிமணிகள்

விருதுநகரில் நான் வார்டனாக இருக்கும் நர்சிங் விடுதியில், கென்யாவிலிருந்து வந்து படிக்கும் மாசாய் பழங்குடிப் பெண் நசேரியன் எவர்சில்வர் தட்டில் பாசிமணிகளைக் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் நான் அவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரான தாயில்பட்டியில் என் அக்கா ஜெயராணி சாயங்காலந்தோறும் இப்படித்தான் கொட்டுவாள். பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்கி, எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளி நிறப் பட்டாசு மருந்து நகக்கண்ணில் மின்ன, பாசியில் கைப்பை பின்னுவாள். அதை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள்.

ஒரு தீபாவளி சீசனில் அப்பா அக்காவிடம் என்னைக் காட்டி, "கம்பெனியில ஆள் கேக்காக. நாளைக்கு இவளையும் வேன்ல ஏத்திவிடு" என்றார்.

"அவ பள்ளிக்கூடம் போகட்டும்ப்பா. அவளுக்கும் சேத்து நானே பாக்கேன்" என்றாள் அக்கா.

மறுநாள் கணக்கு வகுப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தன. யார் வீட்டு ஆளோ என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டு ஆள்தான்.

அடக்கம் முடிந்த பிறகு, நான் படித்து முடிக்கும்வரை அப்பா தினமும் பள்ளிக்கூட வாசல்வரை கூடவே வந்தார். எங்களுக்கு நடுவே இன்னொருத்தி நடந்து வருவதுபோல் இடம் விட்டே நடப்பார்.

"நாளைக்குப் பரீட்சை இல்லையாம்மா?" என்று நசேரியனிடம் கேட்டேன்.

"அப்புறம் எழுதலாம் மேடம். இது வித்தா ஊர்ல தங்கச்சி ஸ்கூல் போவா" என்றாள், கற்றுக்கொண்ட தமிழில்.

தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீ போய்ப் படி, தாயி. மிச்சத்த நான் கோக்கேன்."

அக்காவிடம் இதைச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.