சுவர் எழும்பாத வீட்டில் கேட்காத குரல்

வயதான காலத்துக்கென்று உப்பூரில் வீடு கட்ட, கொத்தனார் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார். அமைதிக்காகப் படுக்கையறையைப் பின்மூலையில் வைத்திருந்தோம். கட்டில் வரும் இடத்தில் என் கணவர் படுத்துப் பார்த்தார். நான் முன்பக்கம், அடுப்படிக் கோட்டுக்குள் நின்றிருந்தேன்.

தற்செயலாகத் திரும்பினால், அவர் வாய் திறந்து திறந்து மூடுகிறது. சத்தமே இல்லை. கடல்காற்று மட்டும் இரைந்தது. கோடுகளைச் சுற்றிச் சுற்றி, வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாக ஓடினேன்.

“கால் நரம்பு இழுத்துக்கிச்சு. எம்புட்டு நேரமா இங்கன கெடந்து கூப்புடுறேன்! கோட்டைத் தாண்டி வந்தா என்ன?”

“செவருன்னுல்ல நெனச்சேன்!”

அன்றே கோட்டை அழித்து, படுக்கையறையை அடுப்படிக்குப் பக்கத்தில் மாற்றினோம். இப்போது சமைக்கும்போது அடிக்கடி அவரைக் கூப்பிடுகிறேன். ‘ம்’ என்று வரும்வரை கரண்டியை அசைப்பதில்லை.