மாப்பிள்ளைக்குப் போடாத நிழல்

இது நடந்தது. நம்ப மாட்டேன் என்கிறவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம்.

நான் கரூர்க்காரன். கர்நாடகக் கடலோரத்துக் குந்தாபுரத்தில் பதினெட்டு வருடமாகக் கல்யாண ஆல்பம் பைண்டிங் செய்கிறேன். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் சிரித்துவிட்டு டீக்கடைக்குப் போகிற ஆள்தான் நான். இதை எனக்குச் சொன்னவன் ஜெயகரா. என் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்துகிறவன். அவன் வாயால் கேட்டதோடு நின்றிருந்தால் "போடா, கண் கெட்டுப்போச்சு உனக்கு" என்று விரட்டியிருப்பேன். ஆனால் இரண்டு விஷயங்களை நானே பார்த்தேன். இந்தக் கண்ணால்.

ஜெயகராவுக்கு ஊரில் 'சூரியன் ஜெயா' என்று பெயர். ஜூனில் மழை பிடித்தால் இங்கே செப்டம்பர் வரை சூரியன் கண்ணில் படாது. துபாய், மஸ்கட் மாப்பிள்ளைகளுக்கோ அப்போதுதான் லீவு கிடைக்கும். ஊரை ஒட்டிக் கோடி என்கிற கடற்கரையில் குடையும் கையுமாக நின்று படம் எடுப்பார்கள். வானம் சாம்பலாக இருக்கும். கடல் கழுவின தண்ணீராக இருக்கும். அந்தப் படத்தில் ஜெயகரா ஒரு சூரியனை இறக்குவான் பாருங்கள்! மேகத்துக்கு ஓரம் பூசுவான். அலைமேல் பொன் இழுப்பான். பெண்ணின் கூந்தல் விளிம்பில் ஒரு நூல் வெளிச்சம் வைப்பான். கடவுளே வந்தாலும் இது எந்த நாள் அஸ்தமனம் என்று யோசிப்பார்.

ஜூலை பதினாறாம் தேதி, சாயங்காலம். ஸ்டூடியோ முதலாளி சீனண்ணா ஒரு ஜோடியை மாடிக்கு அழைத்து வந்தார். மாப்பிள்ளை சந்தேஷ். நல்ல உயரம், சுருட்டை முடி, மஸ்கட்டில் வேலை. பெண்ணைப் பார்த்ததும் ஜெயகராவின் முகத்தில் ஈயாடவில்லை.

அக்ஷதா.

இரண்டு பேரும் ஒன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள். கோளி பஜே என்கிற போண்டாப் பொட்டலத்தோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சூரியன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "உன் பக்கத்துல நிக்கணும்னா நான் செருப்பைக் கழட்டணும் ஜெயா" என்று அவன் குள்ளத்தைக் கேலி செய்வாள். அவன் ஒருநாள் தைரியமாகக் கேட்டும் விட்டான். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றாள். அதற்குப் பிறகு வரவில்லை.

"என்ன ஜெயா, இந்த உடைஞ்ச நாற்காலியை இன்னும் மாத்தலையா?"

"உட்காருங்க" என்றான்.

"எனக்கு 'உட்காருங்க'வா? சரிங்க சார்" என்று சிரித்தாள்.

சந்தேஷ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணா, ரெண்டு மணி நேரம் மழையில நின்னோம். அந்தச் சூரிய பகவான் எட்டிக்கூடப் பார்க்கலை. செக்கச்செவேல்னு ஒண்ணு போட்டுக் குடுங்க. மண்டப வாசல்ல பன்னிரண்டு அடிக்கு நிக்கப் போறோம்!"

"இவன் போட்டா நிஜ சூரியனே வெட்கப்பட்டுப் போயிடும். நான் சொன்னேன்ல?" என்றாள் அக்ஷதா. பேச்சுவாக்கில் சந்தேஷின் தோளில் இருந்த மழைத்துளியைத் தட்டிவிட்டாள்.

தட்டிவிட்டது அவ்வளவுதான். ஒரு நொடி. ஆனால் ஜெயகராவுக்கு வயிறு பற்றி எரிந்தது. சந்தேஷ் நல்லவனாக வேறு இருந்து தொலைத்தான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

போகும்போது, எல்லோரையும் 'மாராயா' என்றே கூப்பிடுகிற சீனண்ணா ஜெயகராவிடம் சொன்னார்: "மாராயா, மாப்பிள்ளை நாளன்னைக்கு விடியக்காலையில ஃப்ளைட் ஏறுறான். நாளைக்கு ராத்திரிக்குள்ள அனுப்பிடணும். சூரியனைப் போட்டுட்டு நிழல் போட மறந்துடாதே. போன வருஷம் அந்த வக்கீல் வீட்டுக் கல்யாணத்துல மானம் போச்சு."

அது நிஜம். மழை வானத்தில் எடுத்த படத்தில் யாருக்கும் நிழல் இருக்காது. முதுகுக்குப் பின்னால் சூரியனை வைத்தால், ஒவ்வொருவருக்கும் காலடியிலிருந்து நீளமாக ஒரு நிழலையும் செய்துபோட வேண்டும். ஆள் உருவத்தை வெட்டி, கறுப்பாக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, மணலில் இழுத்து, ஓரத்தை மங்கலாக்க வேண்டும். இந்தத் தொழிலில் அவசரப்படுகிறவர்கள் மறப்பது அதைத்தான்.

மறுநாள். ஜூலை பதினேழு. மாலை 4.10. வெளியே கொட்டுகிற மழை. மாடியில் ஜெயகரா மட்டும்.

5.20-க்குச் சூரியன் தயார். 5.40-க்கு அக்ஷதாவின் நிழலைப் போட்டான். மணலில் அவள் முந்தானை நிழல் அசைவது போலவே இருந்தது. அடுத்தது சந்தேஷ்.

மவுஸை எடுத்தவன் வைத்துவிட்டான்.

இவனுக்கு எல்லாம் நான் செய்ய வேண்டுமா? பெண்ணையும் கொடுத்து, சூரியனையும் கொடுத்து, நிழலையும் நானே கொடுக்க வேண்டுமா? மாட்டேன். நிழலில்லாமல் நிற்கட்டும். பன்னிரண்டு அடிக்கு நிற்கட்டும். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும்.

5.52. ஃபைலை சேவ் செய்தான். டீ குடிக்கக் கீழே என் கடைக்கு வந்தான். அன்று அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

6.15. மேலே போனான். படம் திறந்தே இருந்தது.

சந்தேஷின் காலடியில் ஏதோ அழுக்கு.

ஸூம் செய்தான். கறுப்பு. விரல் நீளம். அழித்தான். சேவ் செய்தான்.

6.22. திரும்பவும் இருந்தது. இப்போது முழங்கால் வரை.

மின்சாரம் ஏறி இறங்குகிறது, கம்ப்யூட்டர் சொதப்புகிறது என்று நினைத்தான். திரும்ப அழித்தான். படத்தின் அடுக்குகளான லேயர்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தான். வானம் போனது. சூரியன் போனது. அக்ஷதாவின் நிழல் போனது.

அது மட்டும் போகவில்லை...

6.31. இடுப்பு வரை வந்தது.

6.38. தோள் வரை.

அவன் மவுஸைத் தொடவே இல்லை. மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம். டொக்... டொக்... டொக்...

6.44. தலை வந்தது.

சந்தேஷ் அக்ஷதாவைவிட ஒரு தலை உயரம். இந்த நிழல் அவளைவிடக் குள்ளம். முடி சுருட்டையில்லை. இடது தோள் கீழே சரிந்திருந்தது...

ஜெயகராவின் கை தானாகத் தன் இடது தோளுக்குப் போனது. ஏழாம் வகுப்பில் பலாமரத்திலிருந்து விழுந்து எலும்பு கோணலாகக் கூடிய தோள் அது.



6.54.

ஜூனிலிருந்து காணாத சூரியன், கடல் விளிம்பில் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. மேற்கு ஜன்னல் வழியாக அறை முழுக்கச் சிவப்பு.

எதிர்ச்சுவரில் நாற்காலியின் நிழல். மானிட்டரின் நிழல். ஆணியில் தொங்கிய குடையின் நிழல்.

எழுந்து நின்றான்.

கையைத் தூக்கினான்.

சுவரில்...

ஒன்றும் இல்லை.

குடைக்கு இருந்தது. நாற்காலிக்கு இருந்தது. அவனுக்கு இல்லை!

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். 7.05-க்கு சீனண்ணா வந்து லைட்டைப் போட்டார். "இருட்டுல என்ன பண்றே மாராயா? படம் ரெடியா?" குனிந்து பார்த்தார். "அடடா! சூரியன், நிழல், எல்லாம் அம்சமா இருக்கே. அனுப்பிடவா?"

இங்கேதான் ஜெயகரா தப்பு செய்தான். அவனே ஒத்துக்கொண்டான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் சட்டை நனைந்திருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம். யார் தாலி கட்டினால் என்ன? அவள் பக்கத்தில் விழுந்து கிடப்பது நான்.

"அனுப்புங்க" என்றான்.

நவம்பரில் கல்யாணம். மண்டப வாசலில் பன்னிரண்டு அடி படம். மாலை நாலு மணி, நல்ல வெயில். ஜெயகரா என்னை அதற்கு முன்னால் இழுத்துப்போய் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னான். படத்தைப் பார்த்தேன். சரிந்த தோள். பிறகு, "கீழே பாருங்க அண்ணா" என்றான்.

தரையில் என் நிழல் கிடந்தது. கம்பத்தின் நிழல் கிடந்தது. அவன் நின்ற இடத்தில் வெறும் வெயில்.

நான் பார்த்த முதல் விஷயம் இது. அன்று விருந்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வருடம் அக்டோபரில் சந்தேஷ் மட்டும் ஊருக்கு வந்தான். நேரே மாடிக்கு ஏறினான். பாதி இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. செல்போனை ஜெயகராவிடம் நீட்டினான்.

"அண்ணா, இதுல யாராவது கை வச்சிருக்காங்களா? உங்களுக்குத்தான் தெரியும்."

மஸ்கட் வீட்டு மொட்டைமாடி. வெயிலுக்கு அங்கே என்ன பஞ்சம்? அக்ஷதா தனியாக நிற்கிறாள். தரையில் இரண்டு நிழல்கள். அடுத்த படம் கார் நிறுத்தும் இடம். தனியாக நிற்கிறாள். இரண்டு நிழல்கள். இப்படி நாற்பது படங்கள். கடைசிப் படங்களில் இரண்டும் கைகோத்திருந்தன.

"எடுத்தது நான் அண்ணா. அங்க யாருமே இல்லை. அவகிட்ட கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறா. யாருடி அவன்னு கேட்டுக் கேட்டு..." அவன் குரல் உடைந்தது. "யாரோ விளையாடியிருக்காங்க, எடிட்டிங்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும். நான் அவளை நிம்மதியா வச்சுக்குவேன்."

ஒரு பொய். ஒரே ஒரு பொய் போதும், அவள் வாழ்க்கை பிழைத்துப்போகும். அது ஜெயகராவுக்குத் தெரியும்.

படத்தைப் பெரிதாக்கினான். சின்னதாக்கினான். சந்தேஷின் விரலில் கல்யாண மோதிரம் மின்னியது.

"இல்லை" என்றான். "யாரும் கை வைக்கலை. இது நிஜம்."

ஜனவரியில் அக்ஷதா பெட்டியோடு பிறந்தவீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர் என்னென்னவோ பேசியது. ஜெயகரா மட்டும் புதுச்சட்டை எடுத்தான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி. மாலை 6.10. "துணைக்கு வாங்க அண்ணா. தினம் இந்த நேரம் கோடியிலதான் நடக்கறாளாம். பேசிடறேன். இப்ப குறுக்கே யாரும் இல்லை" என்றான். பாவி! அப்போதும் அவனுக்குப் புரியவில்லை.

கடல் சுவரில் நான் உட்கார்ந்துகொண்டேன். தண்ணீர் ஓரம் அவள் ஒருத்திதான். சூரியன் அவளுக்குப் பின்னால்.

மணலில் இரண்டு நிழல்கள் எங்கள் பக்கமாக நீண்டு கிடந்தன...

நான் பார்த்த இரண்டாவது விஷயம்.

6.21. ஜெயகரா அவளை நோக்கி நடந்தான். இருபது அடி இருக்கும்போது அவள் கையை உயர்த்தினாள். அவன் நின்றான். அவள் ஏதோ பேசினாள். கோபம் இல்லை. அழுகை இல்லை.

6.24. அவன் திரும்பி வந்தான்.

"என்னடா சொன்னா?"

என் பக்கத்தில் சுவரில் வந்து உட்கார்ந்தான். 

"ஜெயா... என்ன சொன்னா?"

"'கிட்ட வராதே'ன்னா அண்ணா. 'நீ வருவேன்னு அவன் முன்னாடியே சொல்லிட்டான்'னு சொன்னா."

"எவன்டா?"

அவன் மணலைப் பார்த்தான். அதில் அவன் காலடித் தடம் மட்டும்தான் இருந்தது; நிழல் அவள் பக்கத்தில் கிடந்தது.

"'உன்கூடப் பேசினா அவன் என்னைச் சும்மா விடமாட்டான். போயிடு ஜெயா'ன்னு சொன்னா. 'அவன் ரொம்பப் பொறாமைக்காரன்'னு சொன்னா."