நான் எழுதியதற்கு நானே அனுமதி கேட்ட கதை

பதுளையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகத் தமிழ் கற்பிக்கிறேன். போன பருவம் தொடங்கியபோது நூலகக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். புத்தகங்களை இனி இஷ்டத்துக்குப் பிரதி எடுக்கக்கூடாது, பாடத்துக்கென்று பிரதி எடுத்துக் கொடுப்பதானால் உரிமையாளருக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றிருந்தது. இரண்டு முறை படித்தேன். உரிமையாளர் என்றால் எழுதியவரா, அச்சிட்டவரா என்று விளங்கவில்லை. உள்ளே போய்க் கேட்டேன். கட்டணம் எவ்வளவு, யார் கட்டுவது என்பதே இன்னும் முடிவாகவில்லை, பொறுத்திருங்கள் என்றார்கள்.

அந்த வாரமே இறுதியாண்டு மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பூனாகலைத் தோட்டத்துப் பிள்ளை. சில வருடங்களுக்கு முன் அங்குள்ள தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்துப் புத்தகமாக எழுதியிருந்தேன். கொழும்பில் ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது. நூலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; பிரதி எடுக்க மட்டும் ஒரு மணி நேரம் வெளியே தருவார்கள். அதில் ஓர் அத்தியாயத்தைப் பிரதி எடுக்கப் போனவளை, பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், திருப்பி அனுப்பிவிட்டாராம். அறிவித்தல் அவர் கடைக்கும் போயிருந்தது.

பரீட்சைக்கா என்று கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அதுல வர்றது எங்க அம்மா பேசுனது மிஸ். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டணும். அதுக்கும் காசு கட்டணுமா?"

புத்தகத்தில் நான் யாருடைய பெயரையும் போடவில்லை. அவள் தாயை எந்தப் பக்கத்தில் அடையாளம் கண்டாள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். நானா எங்களை உட்காரச் சொன்னார்.

"எழுதினது நீங்கதானே மிஸ். நீங்க ஒரு துண்டுல எழுதித் தந்தா நான் அடிச்சுத் தாரேன்" என்றார்.

பேனாவை எடுத்துவிட்டேன். எழுதாமலே மூடி வைத்தேன். அந்த அனுமதியைக் கொடுக்க நான் யார்? கடை வாசலில் நின்றபடியே பதிப்பாளருக்குப் போன் செய்தேன். உரிமை முழுவதையும் எங்களுக்கு எழுதித் தந்திருக்கிறீர்களே என்று அவர் நிதானமாக நினைவூட்டினார். பல்கலைக்கழகம் கட்டணம் கட்டினால் பதிப்பகத்துக்கு வரும், அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைக்கும் என்றார். அப்படியானால் பேசிய பெண்களுக்கு என்று கேட்டேன். அதை யோசித்ததில்லை என்றார். நானும்தான் யோசித்ததில்லை. கடைசியில் ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் அனுமதி தருவதாகக் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பினார். நானா அதைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு இயந்திரத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை அவள் மறுபடி வந்தாள். லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டார்களாம். தானா இவ்வளவு பேசியது என்று தாய்க்கே ஆச்சரியமாம். நமுனுகுலையிலிருக்கும் தன் தங்கைக்கும் ஒன்று வேண்டுமென்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"இன்னொண்ணு எடுக்கலாமா மிஸ்?" என்று தயங்கிக் கேட்டாள்.

பதிப்பாளர் அனுமதித்தது ஓர் அத்தியாயத்தையா, ஒரு பிரதியையா? திரும்பவும் கொழும்புக்குப் போன் போட வெட்கமாக இருந்தது. அறிவித்தலை இன்னொருமுறை போய்ப் படித்துப் பார்த்தேன். குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து என் சொந்தப் பிரதியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். சித்தியிடம் கொடுத்துவிடு, திருப்பித் தர வேண்டாம் என்றேன். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். உன் அம்மாவையே போடச் சொல் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.