வெட்டுக்கிளிகளின் இறுதி ஆட்டமும் டுவேன் பிலாரின் கல்யாணமும்

டுவேன் பிலார் எங்கள் ஊரில் குழாய் வேலை பார்ப்பவர். வில்லோ ஃபோர்க்கில் அடைத்துக்கொண்ட சாக்கடை எதுவானாலும் அவர் கை படாமல் திறந்ததில்லை. ஆனால் அவர் பேர் வாங்கியது அதனால் அல்ல. எங்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணியான வெட்டுக்கிளிகள் தோற்பதை, இருபது வருஷத்துக்கும் மேலாக உள்ளூர் ரேடியோவில் வர்ணித்து வர்ணித்தே அவர் பெரிய மனிதரானார்.

தோல்வியைச் சொல்ல அந்த மனிதரிடம் எத்தனை வார்த்தை இருந்தது தெரியுமா! மண்ணைக் கவ்வினார்கள் என்பார், துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள் என்பார், பந்து நம் பையன்கள் கையில் பட்டதும் சோப்புக்கட்டி ஆகிவிடுகிறது என்பார். கோழி அடைகாத்த கதையை நடுவில் சொல்லிக்கொண்டிருப்பார், அதற்குள் எதிரணி பத்துப் புள்ளி எடுத்துவிடும். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். தோற்றாலும் சரி, அந்தத் தோல்வியை டுவேன் சொல்லக் கேட்க வேண்டும் என்று டிராக்டரில் ரேடியோ கட்டிக்கொண்டு உழுதவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தேழு வயதில் இரண்டாவது கல்யாணத்துக்கு நாள் குறித்தார். முதல் மனைவி எப்போதோ ஒரு பல் டாக்டரோடு டென்வருக்குப் போய்விட்டார். அதையும் டுவேன் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். இப்போது பெண், மளிகைக்கடையில் பேக்கரியைப் பார்த்துக்கொள்ளும் லவான் ஸ்டெங்கல். லவானுக்கும் இது இரண்டாவதுதான். மாவு பிசையும்போது ரேடியோ போட்டுவைத்து, அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டே மனம் பறிகொடுத்தவர். ஆளை நேரில் பார்த்த பிறகும் மனம் மாறாதது லவானின் பெருந்தன்மை.

நாள் குறிப்பதில்தான் தகராறு. ஏப்ரலில் உறவுக்காரர்கள் எல்லாரும் சோளம் விதைக்கப் போய்விடுவார்கள். பிப்ரவரி முழுக்க ஆட்டம். கடைசியில் டுவேன் காலண்டரில் மார்ச் மாதத்தின் ஒரு சனிக்கிழமையில் விரலை வைத்தார்.

“அன்னைக்குத்தானே பத்துக் கல்லூரிக் கூட்டமைப்புப் போட்டியோட இறுதி ஆட்டம்?” என்றார் லவான்.

“ஆமா. அதுக்கு நமக்கென்ன? புதன்கிழமை முதல் ஆட்டம். தோத்தா மூட்டையைக் கட்டணும். வியாழக்கிழமை மத்தியானம் நம்ம பசங்க வீட்டுல சூப் குடிச்சுட்டு இருப்பானுங்க.”

“ஒருவேளை ஜெயிச்சுட்டா?”

டுவேன் சிரித்தார். லேசாக அல்ல, இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டி மேசையைத் தட்டுகிற அளவுக்குச் சிரித்தார். லவான் சிரிக்கவில்லை. காலண்டரில் அந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்துக் கல்லூரியில் கடைசி இடத்தில் இருந்த வெட்டுக்கிளிகள், நகரத்துப் பெரிய அரங்கத்தில் புதன்கிழமை ஜெயித்தார்கள். டுவேனுக்கு வாயடைத்துவிட்டது. தோல்விக்கு நூறு வார்த்தை வைத்திருந்தவருக்கு வெற்றிக்கு ஒன்றுகூட இல்லை. “ஆட்டம் முடிஞ்சுது... அவங்க... இல்ல, நாம...” என்று இழுத்தவர், பேசாமல் உர விளம்பரத்தைப் போட்டுவிட்டார். வியாழக்கிழமையும் ஜெயித்தார்கள். வெள்ளிக்கிழமை அரையிறுதியிலும் ஜெயித்தபோது டுவேன் மைக்கில் விக்கி விக்கி அழுதார். ஊரில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றின.

அந்த மூன்று ஆட்டத்திலும் எங்களுக்கு ஒரு பேண்ட் வேறு இருந்தது. எங்கள் கல்லூரியில் ட்ரம்பெட் ஊத ஆள் கிடையாது. பேண்ட் இல்லாமல் போய் நின்றால் மானம் போகும் என்று, இந்த மாதிரி ஏழைக் கல்லூரிகள் எல்லாம் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அந்த நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை வாடகைக்குப் பிடித்து, எங்கள் கடுகு மஞ்சள் சட்டையை மாட்டி, எங்கள் கல்லூரிப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து உட்கார வைத்தோம். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் பேண்ட் பாட்டு வாசிக்கும், ஜெயித்த அணி ஏணி போட்டு ஏறி வளையத்து வலையை ஞாபகார்த்தமாகக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது இறுதி ஆட்டத்தில் மட்டும். தோற்றவன் பேண்ட் வாத்தியத்தைக் கீழே வைத்துவிடும். எங்கள் கூட்டமைப்பில் அது எழுதாத சட்டம்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்த கையோடு டுவேன் பேக்கரிக்குப் போன் போட்டார்.

“லவான்... கேட்டியா?”

“கேட்டேன். நல்லா அழுதே.”

“நாளைக்கு ரெண்டு மணிக்கு...”

“நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்குக் கல்யாணம். உனக்கு?”

இறுதி ஆட்டமும் இரண்டு மணிக்குத்தான். “ஒரு வாரம் தள்ளி வெச்சா...”

“அரிசோனாலேருந்து எங்க அக்கா வந்து உக்காந்திருக்கா. நூறு பேருக்குப் பன்றி இறைச்சி வெட்டி வெச்சாச்சு. சர்ச் ஹாலுக்குச் சொல்லியாச்சு. தள்ளியெல்லாம் வெக்க மாட்டேன். ஆனா வராதேன்னோ, வந்தே ஆகணும்னோ நான் சொல்லவும் மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு ஏன் அப்படிச் சிரிச்சே?”

“அது... சும்மா...”

“ஊர்ல ஒவ்வொருத்தனும் வருஷா வருஷம் ஜெயிப்போம்னு நம்பினான். பந்து வளையத்துக்குள்ள போகுதோ இல்லையோ, நானும் மாவு கையோட கும்பிட்டுக்கிட்டு நின்னிருக்கேன். நம்பாத ஒரே ஆளா நீ மைக்கு முன்னாடி உக்காந்திருந்தே! அப்படிப்பட்டவன் என்னைய மட்டும் என்னான்னு நம்பிக் கட்டப்போறே? யோசிச்சுட்டு வா. இல்லே, வராதே.” போனை வைத்துவிட்டார்.

டுவேன் மோட்டல் கட்டிலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ‘வில்லோ ஃபோர்க்தான் சாம்பியன்!’ இந்த ஒரு வரியைச் சொல்லாமலே மைக்கோடு கிழவனாகிவிட்டோமே என்று நினைத்தார். நாளைக்கு அதைச் சொல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு முறை வருமா? வராது, சத்தியமாக வராது. லவான் மாதிரி இன்னொருத்தி வருவாளா? அதுவும் வராது. கர்த்தரே, ரெண்டையும் ஒரே மணிக்கா வைப்பாய் என்று கூரையைப் பார்த்துத் திட்டினார். அப்புறம் நாளைக் குறித்தது கர்த்தர் அல்ல என்பது ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலையில் ஆல்டனைக் கூப்பிட்டு ஹெட்போனை அவர் தலையில் மாட்டினார். ஆல்டன் அதே ரேடியோவில் தினம் பன்றி விலையும் மரண அறிவிப்பும் படிப்பவர். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

“டேய், நான் பன்னி விலை படிக்கறவன்டா!”

“இதுவும் நம்பர்தானடா. அதே மாதிரி படி.”

“செத்தவங்க பேரு?”

“நம்மாளுங்க தோத்தா அதையும் படி,” என்று சொல்லிவிட்டு டுவேன் வண்டியைக் கிளப்பினார்.

ஊருக்குப் போகும் பாதையில் அவர் வண்டி மட்டும்தான். எதிர்ப்பக்கம் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டு மொத்த வில்லோ ஃபோர்க்கும் அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி ஒதுங்கி நின்று கண்ணாடியை இறக்கியது. உள்ளே மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டிய கர்ட்டிஸ், முகம் முழுக்க மஞ்சள் பூசிக்கொண்டு.

“எங்கடா போறே? அரங்கம் இந்தப் பக்கம்!”

“கல்யாணத்துக்குடா!”

“யாருக்கு?”

கேட்ட பிறகுதான் கர்ட்டிஸுக்கு உறைத்தது. மஞ்சள் முகம் வெளுத்தது. ஆனால் வண்டியைத் திருப்பவில்லை, பாவி.

சர்ச்சில் பாதி இருக்கைகள் காலி. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் காதில் ஏதோ ஒயர். அரிசோனா அக்கா மட்டும் கோபத்தில் பூங்கொத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். லவான் வாசலில் நின்றிருந்தார். நீலப் பட்டுடை, கையில் மாவு இல்லாமல் டுவேன் அவரைப் பார்ப்பதே அபூர்வம்.

“பதில் கொண்டாந்தியா?”

“கொண்டாந்தேன்,” என்றார் டுவேன். “நம்பி நம்பித் தோத்தா ரொம்ப வலிக்குது லவான். முதல் ரெண்டு வருஷம் நானும் நம்பினேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்காது. அப்புறம், அடி விழறதுக்கு முன்னாடியே நானே சிரிச்சுட்டா வலி தெரியலன்னு கண்டுபிடிச்சேன். அதே பழக்கமாயிடுச்சு. எல்லாத்துக்கும்.”

லவான் அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார். “சரி, உள்ள வா,” என்றார். உள்ளே நுழைந்ததும் சபையைப் பார்த்துச் சத்தம் போட்டார். “திருட்டுத்தனமா எதுக்குக் கேக்கறீங்க? ஒரு ரேடியோவை எடுத்துச் சத்தமா வைங்க. எனக்கும் கேக்கணும்!”

பாஸ்டர் எங்கெல் தன் அங்கிக்குள்ளிருந்தே ஒன்றை எடுத்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணமும் ஆட்டமும் சேர்ந்தே நடந்தன. பாஸ்டர் அன்பைப் பற்றிப் படித்தார், ஆல்டன் நிலவரத்தைப் படித்தார். “எதிரணி காட்டெருமைகள் ஐம்பத்து மூன்று, சற்றே ஏற்றம். வெட்டுக்கிளிகள் ஐம்பத்திரண்டு, சீராக உள்ளது.” இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று பாஸ்டர் கேட்ட நேரம் பார்த்து நடுவர் எங்கள் பையன் மேல் ஃபவுல் கொடுத்துவிட்டார். “அநியாயம்!” என்று சபையே எழுந்து கத்தியது. அரிசோனா அக்காவுக்கு மயக்கமே வந்துவிட்டது.

உறுதிமொழி கேட்கும் கட்டம் வந்தபோது ஆட்டமும் கடைசி விநாடிக்கு வந்துவிட்டது. நாங்கள் ஒரு புள்ளி பின்னால், பந்து எங்களிடம். பாஸ்டர் புத்தகத்தை மூடினார். ஆல்டனின் குரல் வாழ்க்கையில் முதல் முறையாக ஏறியது. “நம்ம டிரென்ட் எறியறான்... பந்து வளையத்து மேல சுத்துது... ஐயோ, சுத்துதே...” ஒரு ‘படக்’ சத்தம். ஆல்டன் எழுந்து குதித்ததில் அவர் மைக் ஒயர் பிடுங்கிக்கொண்டது. அரங்கத்து இரைச்சலை எடுக்கிற இன்னொரு மைக் மட்டும் உயிரோடு இருந்தது. ஒரே ஓ என்ற சத்தம், யார் சத்தம் என்று தெரியாத சத்தம்.

சபை முழுக்க டுவேனைத் திரும்பிப் பார்த்தது.

“இத்தனை வருஷம் அங்க உக்காந்தவன்தானே நீ?” என்றார் லவான் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. “சொல்லு. யாரு?”

டுவேன் கண்ணை மூடிக் கேட்டார். இரைச்சல். விசில். அப்புறம் தெளிவாக, முரசு ஒன்று, பின்னாலேயே ட்ரம்பெட். எங்கள் பாட்டு! வாடகைப் பிள்ளைகள் எங்கள் பாட்டை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். தோற்றவன் பேண்ட் வாசிக்காது. டுவேன் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வரி உள்ளிருந்து தானாகவே வந்தது.

“வில்லோ ஃபோர்க்தான் சாம்பியன்! நாமதான்! நாம ஜெயிச்சுட்டோம்!”

அப்பப்பா! பாட்டுப் புத்தகங்கள் கூரைக்குப் பறந்தன. பாஸ்டர் ஆர்கன் வாசிப்பவரைக் கட்டிக்கொண்டார். யாரோ ஓடிப்போய்க் கோபுரத்து மணியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். டுவேன் குழந்தை மாதிரி அழுதுகொண்டே லவானை முத்தமிட்டார், முத்தமிடச் சொல்லி யாரும் இன்னும் சொல்லவில்லை.

ரேடியோ கரகரத்தது.

“மன்னிக்கணும், ஒயர் கழண்டுடுச்சு. இறுதி நிலவரம். காட்டெருமைகள் அறுபத்தெட்டு, வெட்டுக்கிளிகள் அறுபத்தேழு. பந்து வெளியிலதான் விழுந்துது. ஏணியைக் காட்டெருமைகள் பக்கம் தூக்கிட்டுப் போறாங்க. நம்ம வாடகைப் பசங்க மட்டும் எதுக்கு இன்னும் வாசிக்கறாங்கன்னு தெரியல. மூணு நாளும் ஆட்டம் முடிஞ்சதும் வாசிச்சானுங்க, இன்னைக்கும் வாசிக்கறானுங்க. தோத்தா நிறுத்தணும்னு யாரும் சொல்லிக்கொடுக்கலபோல.”

எல்லாரும் டுவேனைப் பார்க்கக் கூசிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். மேலே மணி மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. இழுத்தவருக்கு ரேடியோ கேட்கவில்லை.

டுவேன் முகம் சுருங்கிப்போய்விட்டது. உதட்டோரத்தில் அந்தப் பழைய சிரிப்பு வரப் பார்த்தது. பாதி வழியிலேயே நின்றுவிட்டது. “தப்பாச் சொல்லிட்டேன்,” என்றார். “ஒரே ஒரு தடவை சொன்னேன், அதுவும் தப்பு.”

“தப்புதான்,” என்றார் லவான். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. “ஆனா சிரிக்காம சொன்னியே. எனக்கு அது போதும்.”

பாஸ்டர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக, “யாராச்சும் போய் அந்த மணியை நிறுத்துங்கப்பா,” என்றார்.

“வேணாம், அடிக்கட்டும்,” என்றார் லவான். “இங்க கல்யாணம் நடக்குதில்ல? நீங்க கேக்க வேண்டியதைக் கேளுங்க பாஸ்டர். முதல்ல அவன்கிட்ட கேளுங்க.”

பாஸ்டர் கேட்டார். மணிச்சத்தத்தில் எங்களுக்குக் கேள்வி காதில் விழவில்லை. டுவேன் பதில் மட்டும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.