பாலாற்று மணலில் என் இடது கால்

பேய், பிசாசு, கண்ணேறு, தாயத்து எதையும் நான் நம்புகிறவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டி.வி. ரிப்பேர் பார்க்கிறவன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு கடை வைத்திருக்கிறேன். படம் வரவில்லையென்றால் உள்ளே எங்கேயோ ஒரு சாமான் போயிருக்கிறது, அதைக் கண்டுபிடித்து மாற்றினால் படம் வந்துவிடும், உலகமே அவ்வளவுதான் என்று இருபது வருஷமாக இருந்தவன். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்படமாட்டேன். வேறொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நடந்தது நடுராத்திரியிலும் இல்லை, காலை ஏழரை மணிக்கு, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி. அந்தக் கதை இப்போது வேண்டாம். வெட்டி எடுத்த காலை எங்கள் வழக்கப்படி வெள்ளைத் துணியில் சுற்றி என் அண்ணன் வாங்கிக்கொண்டு போய் ஊர் கபரஸ்தானில் அடக்கம் செய்தார், கூட நாலு பேர் இருந்தார்கள். அதற்குப்பிறகு செயற்கைக் கால். ஒரு வருஷம் கம்பு வைத்து நடந்தேன், அப்புறம் கம்பில்லாமல் நடந்தேன், அப்புறம் ஒரு நாள் கடைக்கு வந்த ஒருவர் விற்க வைத்திருந்த மலை சைக்கிளைப் பார்த்தேன், கியர் வைத்தது, பட்டை பட்டையாகத் தடித்த டயர். வாங்கி வந்துவிட்டேன். என் மனைவி ஷகிலா வாசலில் நின்று அந்த சைக்கிளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "ஓட்டத்தானே வாங்கிக்கினு வந்தீங்க? துணி காயப் போட இல்லையே?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாள் ஐயம்பேட்டை வரைக்கும் போனேன். திரும்பி வர முடியவில்லை. சைக்கிளை ஷேர் ஆட்டோ தலைமேல் கட்டி, நான் உள்ளே நாலு பேரோடு நசுங்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதத்தில் வாலாஜாபாத் போய் டீ குடித்துவிட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். ஒரு வருஷத்தில் உத்திரமேரூர். என் வாயால் சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன், இரண்டு கால் உள்ளவர்கள் நிறையப்பேர் என் பின்சக்கரத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

குணாதான் அந்தப் பேச்சை ஆரம்பித்தவன். ஏனாத்தூர்க்காரன், வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறவன், பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு நண்பன். ஜவ்வாது மலைக்குள் ஐந்து நாள், தார் ரோட்டை விட்டு, மண்பாதையிலேயே, கூடாரம் அடித்துத் தங்கி, நாம் இரண்டு பேர் மட்டும் போகலாமா என்றான். நான் சரி என்று சொல்லி முடிப்பதற்குள் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வீடு வீடாக இல்லை. ஷகிலா பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்து, முந்தானைக்குக் குச்சம் கட்டிக் கொடுக்கிறவள். அந்த மெஷினிலேயே தார்ப்பாய்த் துணியில் சைக்கிளுக்கு மூன்று பை தைத்தாள், கடையில் வாங்குகிற பை அதன் பக்கத்தில் நிற்காது. சமையல் தராசில் ஒவ்வொரு சாமானாக வைத்து நிறுத்தோம். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டினேன். ஆனால் என் காலுக்கு வேண்டிய சாமானில் மட்டும் அவள் ஒரு கிராம் குறைக்க விடவில்லை. மொட்டைக் காலில் மாட்டுகிற சிலிக்கான் உறை இரண்டு, காலுறை எட்டு, புண்ணுக்கு மருந்து. எல்லாம் சேர்ந்து பதினாலு கிலோ வந்தது.

ஒரு விஷயம்தான் இடித்தது. குணா ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஜாபரு, மூணாவது நாள் ஒரு எடம் இருக்குதுபா. மழை பேஞ்சா ஓட்ட முடியாது, மூணு கிலோமீட்டரு தள்ளிக்கினுதான் போவணும். நீ மிதிச்சிடுவ, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. சேத்துல தள்ளுவியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் கேட்டது நியாயம். செயற்கைக் காலுக்குத் தரை தெரியாது. மணலில், சேற்றில் அதை எங்கே வைக்கிறோமோ அங்கேயே நிற்கும், எடுக்கும்போது மொட்டைக் கால் உட்காரும் சாக்கெட் உருவிக்கொள்ளும். ஷகிலாதான் வழி சொன்னாள். "வாலாஜாபாத்ல ஆத்துல இந்தக் கரைலேர்ந்து அந்தக் கரைக்கு, மொத்த சாமானோட, யாரும் கை வெக்காம தள்ளிக்கினு வாங்க. வந்துட்டா போங்க. இல்லன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்."

மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பாலாற்றில் வெள்ளம் வடிந்து, அகலமாக மணல், நடுவில் மட்டும் கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை, ஓடைக்கு இரண்டு பக்கமும் நெய் மாதிரி வண்டல். ஷகிலா ஸ்கூட்டியில் பாலம் வழியாக எதிர்க்கரைக்குப் போய் நின்றுகொண்டாள். குணா தன் சைக்கிளைக் கரையில் விட்டுவிட்டு எனக்கு இருபதடி பின்னால் வந்தான், விழுந்தால் தூக்க. அதுவரை தொடக்கூடாது என்று பேச்சு. சுற்றுமுற்றும் வேறு ஆளே இல்லை, தூரத்தில் இரண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

பாதி மணல் வருவதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. சக்கரம் புதைகிறது, பதினாலு கிலோ பின்னால் இழுக்கிறது, இடது காலை ஒவ்வொரு முறையும் இடுப்பால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டலில் கால் வைத்தேன், சர்ரென்று அரையடி இறங்கிப் பிடித்துக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. சாக்கெட் வழுக்குவது தெரிந்தது. இன்னும் ஒரு இழு இழுத்தால் கால் சேற்றிலும் நான் ஓடையிலும் இருப்போம். நிமிர்ந்து பார்த்தால் எதிர்க்கரையில் ஷகிலா அசையாமல் நிற்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது என் இடது கால் விரல்களுக்கு நடுவில் சில்லென்று தண்ணீர் ஓடியது.

இருங்கள், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போன உறுப்பு இருப்பது போலவே மூளைக்குத் தோன்றும், டாக்டர் எனக்கே விளக்கியிருக்கிறார். இல்லாத பாதத்தில் அரிப்பெடுத்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே அடி எடுத்து வைத்தேன், கால் வந்துவிட்டது. அடுத்த அடி வைத்தேன், விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கிறது தெரிந்தது, குதிகாலில் ஒரு கூழாங்கல் குத்தியதுகூடத் தெரிந்தது. சைக்கிள் இலேசாக உருண்டது. ஓடையைத் தாண்டி, அந்தப் பக்க வண்டலைத் தாண்டி, மணலைத் தாண்டி, கடைசியில் கிட்டத்தட்ட ஓட்டமாகக் கரையேறிவிட்டேன்.

ஷகிலாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆற்றைப் பார்த்து ஒரு கத்து கத்தினேன், மாடுகள் திரும்பிப் பார்த்தன.

குணா மெதுவாக வந்தான். அவன் முகம் நன்றாக இல்லை. என்னைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான்.

"ஷூவு போட்டுக்கினுதான் இருக்கியா?"

"ஏன்டா, கண்ணு தெரியலயா?"

"அது... ஈரமே ஆவலயேடா."

குனிந்து பார்த்தேன். வலது ஷூவிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, சேறு முழங்கால் வரை அப்பியிருக்கிறது. இடது ஷூ காலையில் வீட்டில் மாட்டியது மாதிரியே இருந்தது. அரையடி சேற்றில் மாட்டிக்கொண்டிருந்த ஷூ, நம்பினால் நம்புங்கள், நாடாவில்கூட ஒரு பொட்டு மண் இல்லை.

"வாங்க, ரெண்டு பேரும் வந்து பாருங்க" என்றான் குணா.

திரும்பி மணலில் இறங்கிப் பார்த்தோம். சக்கரத் தடம் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் குணாவின் செருப்புத் தடம், விலகித் தனியாக வந்திருந்தது. அந்தப் பக்கம் என் தடம். வலதுக்கு ஷூவின் அடிப்பக்கக் கட்டங்கள். இடதுக்கு வெறும் பாதம். ஐந்து விரலும், குதிகாலும், நடுவில் உள்வளைவும். நான் ஏறிய கரையிலிருந்து ஓடை வரை ஒவ்வொரு அடியும் அப்படி. ஓடைக்கு அந்தப் பக்கம், புறப்பட்ட கரையிலிருந்து நான் மாட்டிக்கொண்ட இடம் வரை, இரண்டும் ஷூத் தடம்.

"நான் பின்னாலேயே வந்துக்கினு இருந்தேன்" என்றான் குணா. "நீ ஷூவ கீழ வெக்கற, எடுக்கற, அடில இது இருக்குது. கூப்புடலாம்னு பாத்தேன், வாயே வரல."

ஷகிலா ஓடைக்கருகில் வண்டலில் தெளிவாகப் பதிந்திருந்த ஒரு தடத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்குப் பிறவியிலேயே இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அந்தத் தடத்திலும் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் மேலே ஏறித்தான் இருந்தது.

"இது உங்க காலுதாங்க" என்றாள். குரலில் பயமில்லை. "ஆஸ்பத்திரில துணி சுத்தறதுக்கு முன்ன கடைசியா பாத்தது நானு. எனக்குத் தெரியாதா?" உள்ளங்கையை அந்தத் தடத்துக்குள் மெல்ல வைத்து எடுத்தாள். அப்புறம் போனில் ஒரு படம் எடுத்தாள்.

குணா பயணமே வேண்டாம் என்றான். மசூதியிலோ கோயிலிலோ யாரையாவது கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்றான். எனக்கு அப்போது பயம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் கோபம்தான் வந்தது. ஏழு வருஷம். கம்பு பிடித்து, விழுந்து, புண்ணாகி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, இந்தப் பிளாஸ்டிக் காலை வைத்துக்கொண்டு நான் சேர்த்த தெம்பு அது. கடைசி நேரத்தில் விட்டுவிட்டுப் போன காலே வந்து தள்ளிவிட்டுப் பேர் வாங்கிக்கொண்டு போவதா?

"நான் இதை ஒத்துக்கமாட்டேன்" என்றேன். சைக்கிளைத் திருப்பினேன்.

"இன்னாடா பண்ற?"

"மறுபடி தள்றேன். அந்தக் கரைக்கு."

குணா தடுக்க வந்தான். ஷகிலா அவனை நிறுத்தினாள். "வுடுண்ணே. போவட்டும்."

இந்த முறை விரலும் இல்லை, சில்லிப்பும் இல்லை. வெறும் கட்டை. ஓடைக்குள் ஒரு தடவை விழுந்தேன், வண்டலில் ஒரு தடவை. சாக்கெட் உருவிக்கொண்டு வந்துவிட்டது, சேற்றிலேயே உட்கார்ந்து உறையைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தேன். முதல் தடவை கால் மணி நேரம்கூட ஆகவில்லை, இப்போது ஒரு மணி நேரம் ஆனது. புறப்பட்ட கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஆற்றின் குறுக்கே வலது ஷூ, இடது ஷூ, வலது ஷூ, இடது ஷூ. அதைவிட அழகான தடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எதிர்க்கரையில் ஷகிலா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்கவில்லை, கை மட்டும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் புறப்பட்டோம். ஐந்து நாளும் போய்வந்தோம். மூன்றாவது நாள் சேற்றில் குணாதான் இரண்டு முறை விழுந்தான், சைக்கிளைத் தூக்கி நிறுத்தியது நான். அதை அவனே எல்லோரிடமும் சொல்கிறான், நான் சொல்லத் தேவையில்லை.

ஷகிலா ஆற்றில் எடுத்த அந்தப் படத்தை ரொம்ப நாள் நான் திறந்து பார்க்கவில்லை. போன மாதம் ஒரு பெரிய டி.வி. ரிப்பேருக்கு வந்தது. வேலை முடித்து, படம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஷகிலாவின் போனை அதில் இணைத்தேன். படங்களைத் தள்ளிக்கொண்டே போகும்போது அது வந்து நின்றது, தடம் ஒரு ஆள் உயரத்துக்கு. சுண்டுவிரலைப் பார்த்தேன், சரிதான். குதிகாலைப் பார்த்தேன்.

குதிகால் ஓரம் முழுக்க வெடிப்பு. வண்டலில் அத்தனையும் கோடு கோடாகப் பதிந்திருக்கிறது, சில இடத்தில் ஆழமாக. கல்லிலும் வரப்பிலும் செருப்பில்லாமல் வருஷக்கணக்கில் நடந்தவர்களுக்குத்தான் அப்படி வெடிக்கும். ஆஸ்பத்திரியில் எடுத்தபோது என் காலில் ஒரு கீறல் வெடிப்பு கிடையாது, ஷகிலாவைக் கேட்டேன், அவளும் இல்லை என்றுதான் சொன்னாள். ஷூவுக்குள்ளேயே இருக்கும் என் வலது குதிகால் இன்றைக்கும் குழந்தைக் கால் மாதிரிதான் இருக்கிறது, வேண்டுமானால் ஷூவைக் கழற்றிக் காட்டுகிறேன்.

அண்ணன் அடக்கம் செய்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். மண் கலையவில்லை, புல் முளைத்திருக்கிறது.

அப்படியென்றால் இந்த ஏழு வருஷம் அது எங்கே நடந்துகொண்டிருந்தது?