கொட்டாஞ்சேனையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி

காலை பத்து மணி பத்து நிமிடம். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தக் குறுகலான ஒழுங்கையின் வாசலை அடைந்தபோது முதலில் கண்ணில் பட்டவை வெள்ளைக் கொடிகள். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் இறந்தவரின் படம் போட்ட பதாகை. அது காற்றில் மடிந்து சுருண்டிருந்ததால் முகம் தெரியவில்லை.

என்னால் மேலே நடக்க முடியவில்லை. முப்பத்தாறு வருடங்களாக நான் அந்த ஒழுங்கைக்குப் போகவில்லை. ஒரு பிள்ளை உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று அறியவே அன்றைக்குப் போயிருந்தேன்.

காற்று திரும்பியது. படத்தில் இருந்தவர் நரைத்த மீசையுடன் ஒரு முதியவர். இறந்தவர் அவர்தான் என்பதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சொன்ன பிறகு வெட்கப்பட்டேன்.

சபையாரே, உங்களில் மூத்தவர்களுக்கு ஒரு பழைய சாட்சி நினைவிருக்கும். நமது மாதப் பத்திரிகையில் வந்தது. வலிப்பு நோயுள்ள ஏழு வயதுச் சிறுமி, மாத்திரையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துச் சுகமடைந்த கதை. அதை எழுதியவள் நான். அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுவே.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. வெள்ளவத்தை வீட்டை விட்டுக் கொட்டாஞ்சேனையில் தங்கி இரண்டு வருடம் ஊழியம் செய்தேன். என்னோடு சபையைச் சேர்ந்த இன்னொரு சகோதரி. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாயின் நடுவே ஒரு வெள்ளைத் துணி விரிப்போம். நோயாளிகள் தங்கள் மருந்தை அதில் வைக்க வேண்டும். எந்தப் போதகரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. எங்கள் இளைஞர் குழு தானாகப் பிடித்துக்கொண்ட வழக்கம் அது. பிலோமினா என்ற தாய் தன் மகள் ஸ்டெல்லாவின் மாத்திரைப் போத்தலை வைக்கத் தயங்கினார். நான் அழுது ஜெபித்தேன். வைத்தார். மூன்று வாரம் வலிப்பு வரவில்லை. எழுதிவிட்டேன்.

பத்திரிகை வந்த வாரம், அவர்கள் வீட்டில் ஏழு நாள் ஸ்தோத்திர ஜெபம் வைத்தேன். தினமும் விடிந்ததும் போய் மத்தியானம்வரை இருந்தேன். எட்டாம் நாள் அப்பாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வர வீட்டுக்குத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தச் சகோதரி வந்து சொன்னாள்: “ஸ்டெல்லாவை நேற்று மயக்கத்திலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவை.”

பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தேன். அவள் சில மாதங்களில் வெளிநாடு போய்விட்டாள்.

பின்பு ஒரு தமிழ் நாளிதழில் அச்சுப் பிழை பார்க்கும் ஒப்புநோக்குநராகச் சேர்ந்து, துணை ஆசிரியராக ஓய்வு பெற்றேன். மற்றவர்கள் எழுதிய செய்திகளின் ஓரத்தில் “உறுதி செய்தீர்களா?” என்று சிவப்பு மையால் எழுதியே என் காலம் போனது. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் புறக்கோட்டையில் ஒரு பஸ் மாறினால் போதும். நான் ஏறவில்லை.

இந்த வருடம் சபையின் ஆண்டு மலருக்கு அந்தச் சாட்சியை மறுபடி போடப்போவதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். “ஏதும் திருத்தம் இருக்கோ அக்கா?” என்று கேட்டார்கள். நான்கு நாள் அவகாசம் கேட்டேன். அந்த நான்கு நாளும் “கர்த்தாவே, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும்” என்று ஜெபித்தேன். என்றோ நடந்து முடிந்த ஒன்றுக்காக இன்று ஜெபிக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஒழுங்கை மாறிப்போயிருந்தது. பொதுக் குழாய் இருந்த இடத்தில் மாடி வீடு. முனைக் கடையில் தொப்பி அணிந்த முதலாளியிடம் பிலோமினாவைக் கேட்டேன்.

“எந்தப் பிலோமினா? இங்க மூணு பேரு ஈக்கிறாங்களே.”

“வலிப்பு வாற ஒரு பிள்ளை இருந்தவ, ஸ்டெல்லா எண்டு...”

“ஆ, அந்தப் புள்ளட உம்மாவா.” அவர் தலையை ஆட்டினார். “பாவம், அந்த மனுசி பட்ட பாடு. நீலக் கேட்டுக்கு அடுத்த ஊடு.”

மேலே கேட்க வாய் திறந்தேன். பால்மா வாங்க ஒருவர் வந்து சிங்களத்தில் பேசத் தொடங்கினார். நான் காத்திருக்கவில்லை. இந்த முறையும் கேட்காமலே நகர்ந்தேன்.

கதவைத் திறந்தது பிலோமினாவேதான். முடி முழுக்க வெள்ளை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாரு? சிஸ்டரா? அட கடவுளே! உசுரோடதான் இருக்கீங்களா? நாங்க நீங்க கனடாவுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்.”

“வெள்ளவத்தையிலைதான் இருக்கிறன், அக்கா.”

“வெள்ளவத்தையா? அதுக்கு விசா கெடைக்க இவ்வளவு வருசமா?”

உள்ளே அமர்ந்தேன். சுவரில் திரு இருதயப் படம். பக்கத்தில் வெள்ளை உடுப்பில், முதல் நன்மை எனும் நற்கருணை எடுத்த ஒரு சிறுமியின் படம். அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூமாலை. எட்டு வயதா ஏழு வயதா என்று கணிக்க முயன்றேன்; ஏழைத் தாண்டியிருந்தால் அவள் பிழைத்திருக்கிறாள். முடியவில்லை. கேள்வி கேட்பதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். “ஸ்டெல்லா உயிரோடு இருக்கிறாளா?” என்ற மூன்று சொல் வரவில்லை.

அப்போது உள்ளறையில் ஒரு தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. திரைச்சீலையை விலக்கியது ஒரு இடது கை. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுருங்கிய தீக்காயத் தழும்பு.

“அம்மா, யாரு?”

“ஒன்னயப் பேப்பர்ல போட்ட சிஸ்டர்.”

படத்தில் இருந்த சிறுமி இவளேதான். ஸ்டெல்லாவுக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. கழுத்தில் அளவு நாடா. என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நான் சுகமாயிட்டேன்னு எழுதினது நீங்கதானா? அதைக் கொண்டுபோய் டொக்டர்கிட்டக் காட்டட்டா? மாத்திரைய நிப்பாட்டுவாரு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிலோமினாதான் தேத்தண்ணீர் கொண்டுவந்து நடந்ததைச் சொன்னார்.

“பாதி மாத்திரையத்தான் சிஸ்டர் துணியில வச்சேன். மிச்சத்தக் கோப்பி டின்ல போட்டுட்டேன். நீங்க அந்த அழுகை அழுதீங்க, இல்லன்னு சொல்ல மனசு வரல்ல. புள்ளைக்குக் குடுக்காம இருக்கவும் மனசு வரல்ல.”

“அப்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது?”

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

“அந்த ஏழு நாள் ஜெபம் இருக்கே, அதுக்குள்ளதான் மாத்திரை குடுக்குற கிளினிக் நாள் வந்துச்சு. நீங்க காலையிலேயே வந்து உக்காந்திருவீங்க. கிளினிக்குப் போறேன்னு ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? டின்ல இருந்தது முடிஞ்சு போச்சு. நீங்க போன மறுநாள் அடுப்படியில வலிப்பு வந்து, கஞ்சிப் பானை மேல விழுந்துட்டா.”

நான் எழுந்து ஸ்டெல்லாவின் அந்தக் கையைப் பிடித்தேன். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றேன்.

அவள் கையை உருவவில்லை. “ஸ்கூல்ல ரொம்பக் கேலி பண்ணினாங்க” என்றாள். பிறகு, “தேத்தண்ணி ஆறுது, குடிங்க” என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டேன். இந்த முறை கேட்டுவிட்டேன். “பிலோமினாக்கா, அந்த ஏழு நாள் ஜெபத்திலை நான் சத்தமாய் ஜெபிக்கேக்கை நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபிச்சனீங்கள். என்ன ஜெபிச்சனீங்கள்?”

அவர் சிரித்தார். “ஆண்டவரே, இந்த சிஸ்டர் கண்ணுல அந்த டின் படக்கூடாதுன்னு.”

அன்பான சகோதர சகோதரிகளே, அந்த வீட்டில் அன்றைக்கு இரண்டு ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன. ஆண்டவர் அந்தத் தாயின் ஜெபத்தைக் கேட்டார். நான் பஸ்ஸில் பயந்து பயந்து கேட்டதற்கு, முப்பத்தாறு வருடங்களுக்கு முன்பே ஒரு கோப்பி டின்னுக்குள் பதில் வைத்திருந்தார். என் ஊழியத்திலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதற்காக அவரை ஸ்தோத்திரிக்கிறேன். இப்போது நான் நோயாளிகளுக்காக ஜெபிக்கப் போனால், முதலில் மருந்து எடுத்தீர்களா என்று கேட்கிறேன். பிறகுதான் கண்ணை மூடுகிறேன்.

பயத்தினால் நீங்கள் விலகிப் போன ஒரு வாசல் உங்களுக்கும் இருக்கலாம். ஜெபித்துவிட்டுப் போய்த் தட்டுங்கள். உள்ளே என்ன இருந்தாலும் ஆண்டவர் நமக்கு முன்பே அங்கு போயிருக்கிறார். வெள்ளைக் கொடிகளுக்குக் கீழே நடந்துதான் நான் இதை அறிந்தேன்.

பழைய சாட்சியை மலரில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இதைப் போடுங்கள். எழுதப்போவதாக ஸ்டெல்லாவிடம் சொன்னபோது, “வயசக் கொஞ்சம் கொறச்சுப் போடுங்க” என்றாள். குறைக்கவில்லை.

அவள் காலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரையும் மாலை ஏழு மணிக்கு ஒரு மாத்திரையும் எடுக்கிறாள்.