பூட்டிய பெட்டிக்குள் ஒரு கொலைக்கதை

புத்தகம் இரவல் கொடுக்கிறவன், திரும்பி வந்ததைப் பக்கம் பக்கமாகப் புரட்டாமல் அலமாரியில் வைக்கக் கூடாது. ரங்கூனில் பாதி வயசைக் கழித்து, ஜப்பான் சண்டை வந்ததும் புதுக்கோட்டைக்குத் திரும்பி வாசகசாலை வைத்த எனக்கு இது தெரியாது. தமிழும் இங்கிலீஷும் படித்திருந்தேன். அதில் இந்தப் பாடம் இல்லை. இரவல் கொடுத்துவிட்டு வழி பார்த்து நின்றவர்கள் உங்களில் இருந்தால், என்னோடு கொஞ்சம் உட்காருங்கள்.

பூட்டு

தாலுகா கச்சேரி குமாஸ்தா முத்தையா கொலைக்கதைப் பிரியர். ஒருமுறை, ஜமீன் மாளிகையில் நடந்த கொலையைப் பற்றிய தடித்த நாவல் ஒன்றை எடுத்துப் போனார். மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. கேட்டால், வீட்டில் நிம்மதியாகப் படிக்க முடியவில்லை என்றார். மகள் மீனாவுக்குப் பன்னிரண்டு வயசு. ஹைஸ்கூலில் முதல் பாரம் படிக்கிறாள். அவள் கண்ணில் படாமல் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டியிருந்தார்.

“வளர்ற புள்ள படிக்கிற சரக்கா இது? எனக்கே மோர்ச்சோறு எறங்க மாட்டேங்குதுங்க.”

அடையாளங்கள்

தவணை நீட்டிக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பிரித்தேன். அறுபதாம் பக்கத்தில் நார்த்தாமலை பஸ் டிக்கெட், அது அவருடையது. முப்பதாம் பக்கத்தில் காய்ந்த கறிவேப்பிலை ஈர்க்கு. கடைசி அத்தியாயத்தில் ஒரு துண்டு ரிப்பன். ஈர்க்கு முந்தைய வாசகருடையது என்று நினைத்திருக்கிறார். ரிப்பன் வரை அவர் இன்னும் போகவில்லை. இந்த வேடிக்கையில் மற்ற பக்கங்களைப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போகிற வழியில் அவர் மனைவி விசாலம் மீனாவோடு வந்தார். கறிவேப்பிலையைப் பற்றி விசாரித்தேன். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தகப்பனாருக்குத் தெரிந்தால் வாசகசாலை அட்டையையே கிழித்துப் போடுவார், மீனாவுக்கு அப்புறம் பாடப் புத்தகம்தான் கதி என்றார் விசாலம். நான் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

“சாவி அவுககிட்டதாண்ணே இருக்கு. பெட்டிக்குப் பின்னாடி கீலு கழண்டு ரெண்டு வருஷமாச்சு. அங்கிட்டு அவுக பாக்கிறதில்ல.”

ஒட்டுத் துண்டு

சில புண்ணியவான்கள் படித்து முடித்ததும், கொலைகாரன் யாரென்று நடுப்பக்கத்து ஓரத்திலேயே எழுதிவைப்பார்கள். நான் பார்க்காமல் விட்டது அதைத்தான்.

பத்து நாள் கழித்து முத்தையா வந்தார். நூற்றுப் பத்தாம் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஓரத்தில் பென்சிலால், ‘கொலைகாரன் வைத்தியர்.’ பக்கத்தில், அதை மறைத்து ஒட்டியிருந்து பிரித்தெடுத்த கோடு போட்ட காகிதத் துண்டு ஒன்று. அடியில் சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது. மேலே, அச்செழுத்து மாதிரி நிமிர்த்தி எழுதியிருந்தது: ‘முடித்த பிறகு பிரிக்கவும்.’

துண்டில் இருந்த எழுத்து யாருடையது என்று எனக்கும் புரிந்தது. அட்டை போயிற்று என்று நினைத்தேன். அவருக்கு எழுத்தைப் பார்த்ததுமே மகள் கை என்று தெரிந்துவிட்டதாம். ஆனாலும் கதையை முடித்த பிறகுதான் பிரித்தாராம். கொலைகாரனைத் தெரிந்துகொண்டே இத்தனை நாளும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், ஒரு வார்த்தை விடவில்லை என்றார். அதட்டுகிற குரல்தான், ஆனால் முகம் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அடுத்த புத்தகத்தை மீனா பேரிலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். வாசல் வரை போனவர், திரும்பி வந்து துண்டை என் பக்கம் நகர்த்தினார்.

“பசை இருந்தா இதை மறுபடி ஒட்டிக் குடுங்க. அவ ஆத்தா இன்னும் முடிக்கல.”

அந்தப் பெட்டியில் பூட்டு இன்னும் தொங்குகிறது, கீலும் இன்னும் கழன்றேதான் கிடக்கிறது என்று கேள்வி. வீட்டுக் கண்டிப்பு நடக்க இரண்டும் வேண்டியிருக்கிறது போலும்.